இடிந்த சுவர்களுக்கும் காவல் வேண்டும்

பாழடைந்த கட்டடம் ஒன்றைக் கண்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு இரண்டு எண்ணங்களில் ஒன்று தோன்றும். "ஐயோ, எப்படி வாழ்ந்த வீடோ!" என்று பெருமூச்சு விடுவோம். அல்லது, "இந்தக் கல்லையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு உருப்படியாக ஏதேனும் கட்டினால் என்ன?" என்று கேட்போம். பெருமூச்சினால் ஒரு கல்லும் நிலைத்து நிற்பதில்லை. அப்புறப்படுத்திய கல்லோ திரும்பி வருவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. இடிந்ததை இடிந்த நிலையிலேயே, மேலும் இடியாமல் காப்பதே அவ்வழி. அதுவே சிறந்தது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இதற்கு எடுத்துக்காட்டாக அயர்லாந்து நாட்டுக் கோபுர வீடுகளை எடுத்துக்கொண்டோம். "கடல் கடந்த நாட்டுக் கல் நமக்கு எதற்கு?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நிய நாடன்று. 1842-ஆம் ஆண்டில் கப்பலேறிச் சென்னைக்கு வந்து கல்விப் பணி தொடங்கிய பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அந்நாட்டவரே. அதைவிட வியப்பான இன்னொரு தொடர்பும் இருக்கிறது. அங்கே இடிந்து கிடந்த ஒரு கோபுர வீட்டில் பாடம் படித்ததாகச் சொல்லப்படும் சிறுவர் ஒருவர், பிற்காலத்தில் லண்டன் பாராளுமன்றத்தில் நம் கர்நாடகச் சீமைக்காகவும் செங்கற்பட்டு ஏரிகளுக்காகவும் வாதாடினார். அச்செய்தியைப் பின்னர்ச் சொல்வோம்.

கோபுர வீடு என்பது என்ன?

கோபுரம் என்றவுடன் நம் மனக்கண் முன் கோயில் கோபுரமோ, மாதா கோயில் மணிக்கூண்டோ தோன்றும். இது வேறு. இது ஒரு குடும்பம் குடியிருந்த வீடு. ஆனால் பகைவர் எளிதில் நுழைய முடியாதபடி உயரமாக எழுப்பப்பட்ட கல்வீடு. நம் வீடுகளில் அறைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருக்கும். கோபுர வீட்டிலோ அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கீழ்த்தளம் இருண்ட சரக்கறை. அதன் சுவர்களில் ஒளி நுழைய ஒரு கீறல் போன்ற இடைவெளிகளே உண்டு. மேலே செல்லச் செல்லச் சன்னல்கள் பெரிதாகும். மேல்தளத்தில்தான் கணப்பு மூட்டி, விருந்தினரை உபசரிக்கும் கூடம் இருக்கும்.

உள்ளே நுழைய வாசல் ஒன்றே. அந்த வாசலைக் கடந்து வருபவனின் தலைக்கு நேர்மேலே கூரையில் ஒரு துளை விட்டிருப்பார்கள். வந்தவன் பகைவனாயின் மேலிருந்து தாக்குவதற்காக அந்த ஏற்பாடு. மாடிக்குச் செல்லும் சுருள் படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற இயலும். வீட்டைச் சுற்றி ஒரு மதில் உண்டு. இரவில் மாடுகளை அதற்குள்ளே ஓட்டி அடைத்துவிடுவார்கள். அந்நாளைய அயர்லாந்தில் மாடுதான் செல்வம். நம் பழைய இலக்கியங்கள் கூறும் ஆநிரை கவர்தல் அங்கும் நடந்ததால், மாட்டைக் காக்கவும் மதில் வேண்டியிருந்தது.

1429-ஆம் ஆண்டில், இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றியின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. டப்ளின், மீத், கில்டேர், லவுத் ஆகிய பகுதிகளில், அரசருக்கு அடங்கிய குடிமகன் எவனாவது 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரமுள்ள கோட்டையைப் பத்து ஆண்டுகளுக்குள் கட்டினால், அவனுக்கு 10 பவுன் மானியம் என்பது அச்சட்டம். ஆங்கிலேயருக்கு அடங்கிய குடும்பங்களும் கட்டின. அடங்காத அயர்லாந்துத் தலைவர்களும் கட்டினார்கள். 15-ஆம் நூற்றாண்டு முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 3,000 கோபுர வீடுகள் அந்தச் சிறு தீவில் எழுந்தன என்று ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர்.

பின்பு பீரங்கியின் காலம் வந்தது. 1649-இல் குரோம்வெல் படையோடு வந்திறங்கினான். பல கோட்டைகள் தகர்க்கப்பட்டன. பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன. எஞ்சிய குடும்பங்களும் காலப்போக்கில் பெரிய சன்னல்கள் வைத்த வசதியான மாளிகைகளுக்குக் குடிபெயர்ந்தன. கோபுர வீடுகளின் கூரை போயிற்று. மழை உள்ளே வந்தது. இன்று அந்நாட்டின் வயல்களிலும், ஆற்றங்கரைகளிலும், கடலோரங்களிலும் அவற்றுள் பல இடிந்த சுவர்களாக நிற்கின்றன.

யாருடைய நினைவுச் சின்னம்?

இவற்றைக் காக்க வேண்டும் என்றவுடன் எழும் முதல் கேள்வி இதுதான். "இவை பிரபுக்களின் வீடுகள்தாமே? ஏழை உழவனிடம் வரி வாங்கி உண்டவர்களின் சுவர்களை ஏழை உழவனின் பேரன் ஏன் காக்க வேண்டும்?" எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது பாதிப் பேர் இக்கேள்வியின் பக்கமே நின்றார்கள். இது வெறும் குதர்க்கமும் அன்று. 1919 முதல் 1923 வரை நடந்த விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும், அயர்லாந்தில் நிலக்கிழார்களின் மாளிகைகள் 200-க்கும் மேற்பட்டவை எரிக்கப்பட்டன. கோபம் கல்லின் மேலும் பாயும் என்பதற்கு அது சான்று.

ஆயினும் அதே மக்கள், தங்கள் அரசு அமைந்த சில ஆண்டுகளிலேயே, 1930-இல், தேசிய நினைவுச் சின்னங்கள் சட்டத்தை இயற்றினார்கள். கட்டியவன் யார் என்று பார்த்து, வேண்டியவனுடைய கோட்டையை மட்டும் காப்போம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் செய்தது சரி என்றே நாங்கள் நினைக்கிறோம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதற்காரணம், அச்சுவர்களைக் கட்டிய கைகள். பிரபுவின் பெயர் பட்டயத்தில் இருக்கும். கல் சுமந்தவரின் பெயர் எங்கும் இராது. ஆனால் பல கோபுர வீடுகளில் கீழ்த்தளத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தால், சாந்தில் பாய் முடைந்தது போன்ற ஓர் அச்சு தெரியும். வில்போல் வளைந்த அக்கூரையைக் கட்டும்போது, சுள்ளிகளால் பின்னிய தட்டிகளைக் கீழே சாரமாக வைத்து, அவற்றின்மேல் சாந்தையும் கல்லையும் போட்டிருக்கிறார்கள். தட்டியை எடுத்த பின்பும் அதன் பின்னல் சாந்தில் பதிந்து நின்றுவிட்டது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் உழைப்பாளி தம் விரல்களால் முடைந்த தட்டியின் அச்சு அது. அந்த மனிதரைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே ஆவணமும் அதுவாக இருக்கலாம். கூரை விழுந்தால் பிரபுவுக்கு நட்டமில்லை. அவர் பெயர் நூல்களில் இருக்கிறது. நட்டம் அந்த உழைப்பாளிக்கே.

இரண்டாவது காரணம், அங்கே வாழ்ந்த பெண்கள். வரலாற்றுப் பாடத்தில் அரசர்களின் பெயர்களை வரிசையாகப் படிக்கும் நமக்கு, "பெண்கள் அப்போது என்ன செய்தார்கள்?" என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில், க்ளூ விரிகுடாவின் ஓரத்தில், ராக்ஃப்ளீட் என்ற நான்கு தளக் கோபுர வீடு நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அது கிரேஸ் ஓ'மாலி என்ற பெண்மணியின் கையில் இருந்தது. அவர் கப்பல்களையும் ஆட்களையும் தாமே நடத்திய தலைவி. 1593-இல், தம் குடும்பத்தாருக்காக நியாயம் கேட்டு, கடல் வழியே இங்கிலாந்து சென்று எலிசபெத் அரசியை நேரில் சந்தித்தார். இவற்றை நூலில் படிக்கும்போது கதைபோல் இருக்கிறது. அவர் ஏறி இறங்கிய கோபுரம் கடலோரத்தில் நிற்பதனால், இது கதையன்று என்று யாரும் அறிந்துகொள்ளலாம்.

மூன்றாவது காரணம்தான் எங்களை மிகவும் கவர்ந்தது. பிரபுக்கள் விட்டுச் சென்ற பின்பு, சில இடிந்த கோட்டைகள் ஏழைகளுக்குப் பயன்பட்டன.

இடிபாட்டில் நடந்த பள்ளிக்கூடம்

1695-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அயர்லாந்தில் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைத் தடை செய்தது. 1782-இல்தான் அத்தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆசிரியர்கள் வேலியோரத்திலும், மாட்டுக் கொட்டகையிலும், பாழடைந்த கட்டடங்களிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார்கள். அவற்றுக்கு "வேலிப் பள்ளி" என்றே பெயர்.

கார்க் மாவட்டத்தில் பிளாக்வாட்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மொனானிமி என்ற கோட்டை இருக்கிறது. நாகிள் என்ற பழங்குடும்பத்தோடு தொடர்புடையது அது. அந்தக் குடும்பத்தில் 1718-இல், அருகிலுள்ள பாலிகிரிஃபினில், நானோ நாகிள் பிறந்தார். சட்டம் தடுத்திருந்த காலத்திலேயே, கார்க் நகரின் ஏழைக் குழந்தைகளுக்கு அவர் மறைவாகப் பள்ளி தொடங்கினார். 1775-இல் அவர் தோற்றுவித்த துறவியர் அமைப்பே பின்னாளில் பிரசன்டேஷன் சபையாக வளர்ந்தது. 1842-இல் சென்னைக்கு வந்த கன்னியர் அவருடைய வழியில் வந்தவர்கள்.

அதே நாகிள் குடும்பத்துப் பெண்ணின் மகன்தான் எட்மண்ட் பர்க். அவர் 1729-இல் டப்ளினில் பிறந்தார். நோயாளிச் சிறுவனாக இருந்ததனால், நல்ல காற்றுக்காகத் தாய்மாமன் வீட்டுக்கு, இந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்தபோது மொனானிமிக் கோட்டையின் இடிபாட்டில் நடந்த பள்ளியில் அவர் படித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

வளர்ந்து பாராளுமன்ற உறுப்பினரான பர்க், 1785-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ஆற்றிய பேச்சு புகழ்பெற்றது. ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்ட ஆங்கிலேயர் சிலர், அக்கடனைக் கர்நாடகச் சீமையின் வருவாயிலிருந்து வசூலிக்க முயன்றனர். ஹைதர் அலியின் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் நொந்து கிடந்த நாடு அது. அந்த நாட்டின் வருவாயை முதலில் அந்நாட்டைச் சீர்செய்யச் செலவிட வேண்டும் என்பது பர்க்கின் வாதம். சென்னையைச் சுற்றியிருந்த கம்பெனி ஜாகீரின் நிலப்படம் ஒன்றைப் பார்த்து, அதிலிருந்த ஏரி குளங்களை அவரே எண்ணிப் பார்த்தாராம். 1,100-க்கும் மேற்பட்டவை இருந்தன. குடிகளைத் தம் பிள்ளைகளாக எண்ணிய உண்மை அரசர்களின் நினைவுச் சின்னங்கள் இவையே என்ற கருத்தில் அவர் பேசினார். அன்றைய வாக்கெடுப்பில் அவர் பக்கம் தோற்றது. ஆனால் பேச்சு நிலைத்துவிட்டது.

இந்தப் பேச்சைப் பற்றி அறிந்தபோது நாங்கள் வியந்தோம். நம் நாட்டைக் கண்ணாலும் பாராதவர் அவர். நம் முன்னோர் வெட்டிய ஏரிகளுக்காக வேற்று நாட்டு மன்றத்தில் அவர் பரிந்து பேசியிருக்கிறார். இடிந்த சுவர்களுக்கிடையே படித்ததனால்தான் அவ்வாறு பேசினார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆனால், "நினைவுச் சின்னம் என்பது எது?" என்ற கேள்விக்கு அவர் அளித்த விடை கோபுர வீடுகளுக்கும் பொருந்தும். எழுப்பியவரின் பெருமை மட்டும் சின்னமாவதில்லை. மக்களுக்கு அது தந்த பயனும் சின்னமாகும். மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகளுக்கு நிழல் தந்த சுவரும் அவ்வகையைச் சேர்ந்ததே. அவர் சொன்ன இன்னொன்றும் பொருந்தும். முன்னோர் கட்டியது தானாக நிற்பதில்லை. பழுது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சுவர் எவ்வாறு அழிகிறது?

கோட்டை என்றால் பீரங்கிக்குத்தான் அஞ்ச வேண்டும் என்று எண்ணுகிறோம். உண்மையில் இடிபாடுகளை மிகுதியாக அழிப்பது தண்ணீர்.

கோபுர வீட்டின் தடித்த சுவர் முழுவதும் செதுக்கிய கல் அன்று. உட்புறம் ஒரு கல் வரிசை, வெளிப்புறம் ஒரு கல் வரிசை, நடுவே சிறு கற்களும் சுண்ணாம்புச் சாந்தும் என்பதே அதன் அமைப்பு. கூரை இருந்தவரை சுவரின் தலை நனையவில்லை. கூரை போனபின் மழைநீர் மேலிருந்து நடுப்பகுதிக்குள் இறங்குகிறது. சாந்து கரைகிறது. குளிர்காலத்தில் உள்ளே நின்ற நீர் உறைந்து விரிவதனால் கற்கள் நெகிழ்கின்றன. ஐவி என்ற கொடி அந்த இடுக்குகளில் வேர்விட்டுத் தண்டு பருக்கிறது. கொடி படர்ந்த கோட்டை ஓவியத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழகுதான் சுவரைப் பிளக்கும் ஆப்பு. அதற்காகக் கொடியைப் பிடித்து இழுத்துவிடவும் கூடாது. கல்லும் கூடவே வந்துவிடும். முளையிலேயே கிள்ளாவிட்டால் பிறகு கத்தி வைக்கவும் அஞ்ச வேண்டிய நிலை அது.

மனிதரும் தம் பங்குக்கு அழித்தார்கள். மூலைகளில் வைக்கப்படும் செதுக்கிய கற்களே சுவரைப் பிணைத்து நிறுத்துபவை. வீடு கட்டவும் வேலி கட்டவும் எடுத்துச் செல்லத் தக்கவையும் அவையே. மூலைக்கல்லைப் பெயர்த்தபின் சுவருக்குப் பிடிமானம் ஏது?

நல்ல எண்ணத்தோடு அழித்தவர்களும் உண்டு. பழைய சுவரை உறுதிப்படுத்துவதாக எண்ணி அதில் சிமெண்டு பூசினார்கள். சுண்ணாம்புச் சாந்து சற்று நெகிழ்ந்து கொடுக்கும். ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்டோ இறுகிப் போய் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். முடிவில் சிமெண்டு நிற்கும், பக்கத்துக் கல் உதிரும். இதனால்தான் இன்று பழங்கட்டட வல்லுநர்கள், பழைய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். சுவரின் தலையில் மண்ணும் புல்லும் பதித்து, நீர் உள்ளிறங்காமல் காக்கும் எளிய முறையையும் கையாளுகிறார்கள். அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

புதுப்பிப்பதா, அப்படியே காப்பதா?

"காப்பது என்றால் முழுமையாகக் காக்க வேண்டியதுதானே? கூரை போட்டு, கதவு வைத்து, பழைய கோட்டையாகவே ஆக்கிவிடலாமே?" என்பது அடுத்த கேள்வி. அயர்லாந்தில் அவ்வாறும் செய்திருக்கிறார்கள். 1425-ஐ ஒட்டிய காலத்தில் எழுந்த பன்ராட்டிக் கோட்டையை 1954-இல் கார்ட் பிரபு வாங்கினார். அது சீரமைக்கப்பட்டு 1960-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அன்று முதல் எண்ணற்றோர் அதைக் கண்டு மகிழ்ந்துள்ளனர். அதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் எல்லாக் கோட்டைகளையும் அவ்வாறு செய்ய முடியாது, செய்யவும் கூடாது என்பது எங்கள் கருத்து.

இதற்குக் கால்வே மாவட்டத்துப் பாலிலீ கோபுரம் நல்ல பாடம். ஆற்றோரத்தில், தளத்துக்கு ஓர் அறையாக நான்கு தளங்கள் கொண்ட பழங்கோபுரம் அது. கவிஞர் யேட்ஸ் அதை 1917-இல் 35 பவுனுக்கு வாங்கினார். தாகூரின் "கீதாஞ்சலி" ஆங்கில நூலுக்கு 1912-இல் முன்னுரை எழுதியவர் இவரே. உள்ளூர்த் தச்சரையும் கொத்தனாரையும் கொண்டு பழுது பார்த்துக் கோடைக் காலங்களில் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்தார். 1920-களின் முடிவில் அவர் அங்கு வருவது நின்றது. கோபுரம் மீண்டும் பாழாயிற்று. அவர் பிறந்த நூற்றாண்டான 1965-இல் ஆர்வலர்கள் அதைச் சீரமைத்து அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2009-இல் ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்து மூட வேண்டியதாயிற்று. ஊர்மக்கள் கூடி நிதி திரட்டி 2015-இல் மறுபடியும் திறந்தார்கள். அதே ஆண்டுக் குளிர்காலத்தில் மறுபடியும் வெள்ளம். மறுபடியும் துடைத்துக் கழுவி நிமிர்த்தினார்கள்.

ஒரே கோபுரத்துக்கு ஒரு நூற்றாண்டுக்குள் இத்தனை முறை உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. உலகப் புகழ்பெற்ற ஒரு கவிஞரின் பெயர் இருந்ததனால் கைகள் கிடைத்தன. பெயர் தெரியாத கோபுரங்களுக்கு அத்தனை கைகள் எங்கே கிடைக்கும்? அவற்றுக்கு ஏற்றது, நிற்பதை நிற்க வைப்பதே. இல்லாத சன்னலை நாமாக ஊகித்து வைத்தால், பின்னால் வருபவர்கள் நம் ஊகத்தைப் பழமை என்று நம்பிவிடுவார்கள். கிழிந்த ஓலைச்சுவடியில் விடுபட்ட வரியை நாமே எழுதிச் சேர்ப்பது போன்றது அது. ஓலை மேலும் கிழியாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

சட்டமும் உழவரும்

இனி, காக்கும் பொறுப்பு யாருடையது என்று பார்ப்போம். அயர்லாந்துக் கோபுர வீடுகளில் சில அரசின் பொதுப்பணி அலுவலகத்தின் பராமரிப்பில் உள்ளன. பெரும்பாலானவை தனியார் நிலங்களில், உழவர்களின் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. 1994-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பழஞ்சின்னங்கள் அனைத்தையும் பதிவேட்டில் ஏற்றவும், அவற்றில் கைவைக்கும் முன் உரிமையாளர் அரசுக்கு இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்கவும் வழி செய்தது. 1930 முதல் சேர்ந்து வந்த சட்டங்களுக்குப் பதிலாக, 2023-இல் புதிய சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது.

இச்சட்டங்கள் நல்லவையே. ஆனால் "தொடாதே" என்ற சொல் மட்டும் சுவரைக் காப்பாற்றாது. மழைக்குச் சட்டம் தெரியாது. லீஷ் மாவட்டத்துக் கூல்பனாகர் கோட்டை இதற்குச் சான்று. 2014 பிப்ரவரி 12-ஆம் நாள் அடித்த புயலில் அதன் ஒரு பகுதி சரிந்தது. எஞ்சியதும் ஆபத்தானது என்று சில நாள்களில் இடித்துத் தள்ளப்பட்டது. பல நூற்றாண்டுகள் நின்றது, ஒரு வாரத்துக்குள் இல்லாமற் போயிற்று.

அங்குள்ள உழவரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோபுரத்தைக் கட்டியவர் அவரல்லர். அதனால் அவருக்கு விளைச்சலும் இல்லை. அதன் அடியில் ஆடுமாடு போனால் கல் விழுமோ என்ற அச்சம் வேறு. பெருமை நாட்டுக்கு, பொறுப்பு மட்டும் அவருக்கு என்றால் அது நியாயமா? இதை உணர்ந்தே 2020-இல் சமுதாய நினைவுச் சின்ன நிதி என்ற திட்டத்தை அந்நாட்டு அரசு தொடங்கி, பழுது பார்க்கும் பணிகளுக்கு உதவுகிறது. இது சரியான திசையில் வைத்த அடி. இத்தகைய உதவி ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்க வேண்டும். பெரிய கோட்டைக்குப் பெருந்தொகை கொடுப்பதோடு நில்லாமல், பெயரில்லாத கோபுரங்களுக்குச் சிறுசிறு தொகைகளாகவும் சென்று சேர வேண்டும். சுவர்த்தலையில் முளைத்த செடியை ஆண்டுக்கொரு முறை அகற்றப் பெரும் பணம் வேண்டாம். அகற்றாமல் விட்டால் வரும் செலவுக்கோ அளவில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பாட்டிமார் சொல்லும் அறிவுதானே?

"பசித்தவனுக்குச் சோறு முதலா, கல்லுக்குச் சாந்து முதலா?" என்றும் சிலர் கேட்பர். சோறுதான் முதல். இதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நாட்டு மக்கள் பசியை அறியாதவர்களா? 1845 முதல் நேர்ந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது. அத்தகைய நாடே பழஞ்சுவர்களைக் காக்கச் சட்டம் செய்தது. பசித்தவனுக்கும் தன் பாட்டன் யார் என்று அறியும் உரிமை உண்டு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். மேலும், சாந்து குழைப்பவரும், கல் செதுக்குபவரும், சாரம் கட்டுபவரும் உழைப்பாளிகளே. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவரும் இந்நாளில், அக்கைத்தொழிலும் இப்பணியால் பிழைக்கும்.

எங்கள் முடிவு

அன்புத் தோழியரே! நாங்கள் சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறோம். இடிந்த கோபுர வீட்டைப் பிரபுவின் பெருமைக்காகக் காக்க வேண்டாம். தட்டி முடைந்தவருக்காகவும், கப்பலேறிச் சென்று நியாயம் கேட்ட பெண்மணிக்காகவும், சட்டத்துக்கு அஞ்சாமல் வேலியோரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகளுக்காகவும் காக்க வேண்டும். காக்கும்போது, நம் விருப்பப்படி அழகுபடுத்தாமல், உள்ளதை உள்ளபடி நிறுத்த வேண்டும். அந்தச் செலவை வயலுக்குச் சொந்தக்காரர் தலையில் மட்டும் சுமத்தாமல் நாடே பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பர்க் எண்ணிய அந்த 1,100 ஏரிகள் இருந்த மண்ணில் நாம் வாழ்கிறோம். அவர் அவற்றை எண்ணியது நிலப்படத்தில். நாமோ அவற்றின் கரையிலேயே நடந்து போகலாம். அயர்லாந்து மக்கள் தம் கோபுர வீடுகளைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை நாம் நம் ஏரிக்கரையிலும் மதகிலும் கேட்டுப் பார்ப்போம். வெட்டியவர் யார்? இதனால் யார் பயனடைந்தார்கள்? கடைசியாகப் பழுது பார்த்தது எப்போது? விடை தெரியாவிட்டால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்போம். அவர்களுக்கும் தெரியாவிட்டால், கேட்க வேண்டிய அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவோம். பதினைந்து வயதில் நம்மால் சுவர் கட்ட இயலாது. இதைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று தெரியப்படுத்த இயலும் அல்லவா?

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி